வந்து பார்த்தவர்கள் ஏன் திரும்பி வரவில்லை?

கேள்வி: அப்பா காலமான பிறகு அம்மா என்னோடு வந்துவிட்டார். அவர்கள் வாழ்ந்த இரண்டு மாடி வீடு எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. விற்றுவிடலாம் என்று அம்மா, அண்ணன், நான் மூவரும் முடிவு செய்தோம். விளம்பரம் பார்த்து ஆறு குடும்பத்தினர் வந்தார்கள். ஒருவர்கூட இரண்டாம் முறை வரவில்லை. கீழ்த்தளப் படுக்கையறைக் கூரையில், மேல்மாடிக் குளியலறைக்கு நேர் கீழே, பழுப்பு நிறத்தில் ஒரு கறை இருக்கிறது. "வீடு முழுக்கப் பெயிண்ட் அடித்து, சமையலறையை இடித்துப் புதிதாகச் செய்தால் நல்ல விலை போகும்" என்கிறார் அண்ணன். "வாங்குபவர் எப்படியும் மாற்றத்தான் போகிறார், இருக்கிறபடியே விற்றுவிடலாம்" என்கிறேன் நான். அம்மாவோ அப்பாவின் அறையைத் தொடவே விடுவதில்லை. எதில் செலவு செய்வது, எதை விடுவது? அந்தக் கறையைப் பற்றி வாங்க வருபவர்களிடம் சொல்ல வேண்டுமா? அவர்கள் வரும்போது அம்மா வீட்டில் இருக்கலாமா? பத்திரம் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஆறு குடும்பங்கள் வந்து போனதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல அறிகுறியாகப் படுகிறது. விளம்பரம் கொடுத்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் கோளாறு விலையிலோ படங்களிலோ இருக்கும். வந்து பார்த்துவிட்டுப் பேச்சே இல்லாமல் போகிறார்கள் என்றால் வீட்டுக்குள் ஏதோ தடுக்கிறது. இரண்டு மூன்று முறை வந்து, அறைகளை அளந்து, விலையும் பேசிவிட்டுக் கடைசியில் பின்வாங்குகிறார்கள் என்றால் பெரும்பாலும் காகிதங்களில் சிக்கல். நீங்கள் இப்போது நிற்பது இரண்டாவது இடத்தில். ஆனால் மூன்றாவதும் காத்திருக்கிறது. கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் அதைச் சொல்லியிருக்கிறீர்கள்.

பத்திரம் அப்பா பெயரில் இருக்கும்வரை, வீட்டை விற்கும் உரிமை யாருக்கு, எந்தப் பங்கில் இருக்கிறது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லை. வாரிசுரிமைச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே அந்த வீடு இருக்கும் ஊரின் சட்டம் தெரிந்த வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள். பிளம்பரின் வேலை சில நாட்களில் முடியும், பெயிண்ட் சில வாரங்களில் முடியும். அலுவலகங்களின் வழியே நகரும் காகிதம் உங்கள் அவசரத்துக்கு நகராது. எனவே முதலில் தொடங்க வேண்டியது அதுதான். அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டைத் தயார்செய்துகொள்ளலாம். பத்திரம், வீட்டு வரைபடம், வரி கட்டிய ரசீதுகள், மின்சாரம் மற்றும் தண்ணீர்க் கட்டண ரசீதுகள், பழுதுபார்த்த பில்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். பிற்பாடு எழுப்பிய சுவரோ கூடுதல் அறையோ இருந்தால், அதற்கு அனுமதி வாங்கினார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். விலை பேசி முடித்த பிறகு வெளிவரும் ஒவ்வொரு குறையும் பேசிய விலையிலிருந்துதான் கழியும்.

இனி வீட்டுக்கு வருவோம். அண்ணன் சொல்வதிலும் நீங்கள் சொல்வதிலும் பாதி சரி. வீடு வாங்க வருபவர் தம் வாழ்நாளின் மிகப் பெரிய செலவைச் செய்ய வருகிறார். ஆசையோடு வருகிறார், அதைவிட அதிகமாக அச்சத்தோடு வருகிறார். கண்ணில் படும் ஒவ்வொரு சிறு குறையையும் அவர் கண்ணில் படாத பெரிய குறையின் நுனியாகவே எடுத்துக்கொள்வார். சொட்டும் குழாயைக் கண்டதும், "இதைக்கூட மாற்றாதவர்கள் சுவருக்குள் போகும் குழாயைக் கவனித்திருப்பார்களா?" என்று அவர் மனம் கேட்கும். வீட்டைத் தயார்செய்வது என்றால் அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துவைப்பது. எந்தச் செலவு ஒரு சந்தேகத்தை நீக்குகிறதோ அதைச் செய்யுங்கள். உங்கள் ரசனையைக் காட்டும் செலவை வாங்குபவரிடமே விட்டுவிடுங்கள். இந்த அளவுகோலை வைத்தால் நீங்களும் அண்ணனும் எல்லா விஷயத்திலும் ஒரே பக்கம் வந்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

முதல் சந்தேகம் அந்தக் கறை. அதன்மேல் பெயிண்ட் அடிக்கும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்டை அதன்மேல் பூசினால், கறையில் இருக்கும் கரையக்கூடிய பொருட்கள் ஈரத்தில் மறுபடி கரைந்து, புதுப் பூச்சைத் தாண்டி மேலே வரும். சில நாட்களிலேயே அதே பழுப்பு எட்டிப் பார்க்கும். கசிவு நிற்காமல் இருந்தால் பெயிண்ட் கொப்பளித்து உரியவும் செய்யும். கூரையில் ஓர் இடம் மட்டும் பளிச்சென்று இருப்பது, பழைய கறையைவிட அதிகமாகக் கண்ணை இழுக்கும். விவரமான ஒருவர் வந்தால் கறையின் ஓரத்தைப் பார்ப்பார். நீர் உலரும்போது அதில் கரைந்திருந்தவை ஓரத்தில் படிந்து கருமையான வளையமாக நிற்கும். ஒரே வளையம் என்றால் ஒருமுறை நனைந்து நின்றுபோன கசிவாக இருக்கலாம். வளையத்துக்குள் வளையமாக இருந்தால் அந்த இடம் பலமுறை நனைந்து உலர்ந்திருக்கிறது.

எட்டு மாதமாக அந்த வீட்டில் யாரும் குளிக்கவில்லை என்பது கசிவின் காரணத்தைக் கண்டுபிடிக்க உங்களுக்கு நல்ல வசதி. கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். மீட்டர் ஓடியிருந்தால், எப்போதும் அழுத்தத்தில் நீர் நிற்கும் குழாயில் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. வீடு பூட்டியிருந்தபோதும் கறை வளர்ந்திருந்தால் அதுவும் இதையே சொல்லும். மீட்டர் அசையவில்லை என்றால் சந்தேகம் தரைப் பக்கமும் வடிகால் பக்கமும் திரும்ப வேண்டும். குளியலறைத் தரையின் வடிகால் வாயை நன்றாக அடைத்து, தரையில் ஓரங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைக் குறித்து, ஒரு முழு நாள் விட்டுவைக்கச் சொல்லுங்கள். கீழே புது ஈரம் வந்தால் தரையின் நீர்த்தடுப்புப் பூச்சிலோ டைல்ஸ் இடுக்குகளிலோ கோளாறு. வராமல் இருந்து, அடைப்பை எடுத்துத் தண்ணீரை வெளியே விட்ட பிறகு ஈரம் வந்தால் வடிகால் குழாயின் இணைப்பில் கோளாறு. இந்த வரிசையில் போனால் குளியலறை முழுவதையும் இடிக்க வேண்டுமா, ஓர் இணைப்பை மட்டும் மாற்றினால் போதுமா என்பது இடிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். இரண்டுக்கும் உள்ள செலவு வித்தியாசம் மிகப் பெரிது.

கசிவை நிறுத்திய பிறகு கூரை உலரட்டும். அவசரம் வேண்டாம், காங்கிரீட் குடித்த நீர் மெதுவாகத்தான் வெளியேறும். சன்னல்களைத் திறந்துவையுங்கள். நன்றாக உலர்ந்த பின், கறையை மேலே வரவிடாமல் தடுக்கும் ப்ரைமர் ஒன்றைப் பூசிவிட்டு, ஒட்டுப்போட்டதுபோல் தெரியாமல் இருக்கக் கூரை முழுவதற்கும் பெயிண்ட் அடியுங்கள். பழைய கறையின் படம், வேலை நடக்கும்போது எடுத்த படம், பிளம்பர் கொடுத்த பில் மூன்றையும் அந்தக் கோப்பில் சேருங்கள்.

சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லுங்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். தெரிந்த குறையை மறைத்து விற்பது பல நாடுகளில் பின்னால் வழக்காகும், அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் விலையே. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாது என்ற நிலையில், எந்தக் கார் நல்லது என்று பிரித்தறிய முடியாத வாங்குபவர் எல்லாக் கார்களுக்குமே குறைத்துக் கேட்பார். அதனால் நல்ல கார் வைத்திருப்பவர்கள் சந்தையை விட்டே விலகுவார்கள் என்பதுதான் அவர் காட்டியது. அந்த ஆய்வு வழியில் செய்த பணிக்காக 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் வீட்டுக்கும் இதே கணக்குதான். கறையைப் பார்த்துவிட்டுப் பதில் கிடைக்காமல் போகிறவர், அது என்னவாக இருக்கலாமோ அவற்றுள் மிக மோசமானதற்கான செலவைக் கழிப்பார், அல்லது ஒன்றும் பேசாமல் போய்விடுவார். "இங்கே கசிவு இருந்தது, இந்த இணைப்பில் இருந்து வந்தது, சரிசெய்துவிட்டோம், இதோ பில்" என்று நீங்கள் சொன்னால் கழிப்பதற்கு அவரிடம் ஒன்றும் இருக்காது. அதோடு, இதைத் தாமாகவே சொன்னவர்கள் மற்றவற்றையும் மறைக்க மாட்டார்கள் என்ற எண்ணமும் வரும். அந்த நம்பிக்கையைப் பெயிண்டோ புதுச் சமையலறையோ வாங்கித் தராது.

கறையோடு நிற்காமல் வீடு முழுவதையும் அதே கண்ணோடு ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சுவரின் அடிப்பாகத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? மண்ணிலிருந்தோ குழாயிலிருந்தோ ஏறும் ஈரம் சுவருக்குள் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, மேற்பரப்பில் தான் மட்டும் ஆவியாகிப் போகும். விட்டுப்போவதுதான் அந்த வெள்ளை. அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு, ஈரம் வரும் வழியைத் தேடுங்கள். தலைமுடி அளவில் பூச்சில் ஓடும் மெல்லிய விரிசல்களைப் பற்றிக் கவலை வேண்டாம், பட்டி பார்த்தால் போதும். ஆனால் கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலோ, 5 மில்லிமீட்டரைத் தாண்டிய விரிசலோ, மூடிய பின்னும் திறந்துகொள்ளும் விரிசலோ இருந்தால் கட்டடப் பொறியாளரிடம் காட்டி, அவர் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆபத்தில்லை என்று அவர் எழுதிக் கொடுக்கும் ஒரு பக்கத்துக்கு, அதற்கு ஆகும் கட்டணத்தைவிடப் பல மடங்கு மதிப்பு உண்டு.

இன்னொன்று, நீங்கள் கடிதத்தில் எழுதாதது: வாசனை. எட்டு மாதம் பூட்டிய வீட்டில் அது இல்லாமல் இருக்காது. வந்த ஆறு குடும்பங்களும் வாசலிலேயே அதை உணர்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நம் மூக்கு ஒரே வாசனையில் சில நிமிடங்கள் இருந்தாலே அதைச் சொல்வதை நிறுத்திவிடும். வளர்ந்த வீட்டின் வாசனை என்றால் நமக்கு ஆரம்பத்திலேயே தெரியாது. எனவே அந்த வீட்டுக்கு அதிகம் வராத ஒருவரை அழைத்துச் சென்று, கதவைத் திறந்ததும் என்ன வாசனை வருகிறது, எந்த அறையில் அதிகம் என்று கேளுங்கள். அவர் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பூட்டிய வீடுகளில் வரும் சாக்கடை நாற்றத்துக்குப் பெரும்பாலும் மிக எளிய காரணம்தான் இருக்கும். குளியலறைத் தரை வடிகால், கைகழுவும் தொட்டி, சமையலறைத் தொட்டி ஒவ்வொன்றின் கீழும் வளைந்த ஒரு குழாய்ப் பகுதி இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் அடைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டால் அது ஆவியாகிவிடும், வழி திறந்துகொள்ளும். ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், கழிப்பறைகளிலும் தண்ணீர் விடுங்கள். வீடு விற்கும்வரை வாரம் ஒருமுறை இதைச் செய்ய ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். இதற்குச் செலவே இல்லை, ஆனால் இதைவிடப் பெரிய மாற்றத்தைத் தரும் வேலை உங்கள் வீட்டில் கறையைச் சரிசெய்வது ஒன்றுதான்.

அடுத்தது துணிகள். திரைச்சீலை, மெத்தை, தரைவிரிப்பு, அலமாரியில் மடித்துக் கிடக்கும் பழைய உடைகள் எல்லாம் ஈர வாசனையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். துவைக்கக்கூடியதைத் துவைத்து, முடியாததை வெளியேற்றுங்கள். அலமாரிகளைத் திறந்துபோட்டு, எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்று குறுக்கே ஓடும்படி செய்யுங்கள். வாசனைத் தெளிப்பான்களை வாங்கி அடிக்காதீர்கள். கதவைத் திறந்ததும் பூ மணம் முகத்தில் அடித்தால் வருபவருக்குத் தோன்றும் முதல் கேள்வி, "எதை மறைக்க இது?" என்பதாகத்தான் இருக்கும். பார்வையாளர் வருவதற்கு முந்தைய நாள் அடித்த பெயிண்டின் வாடைக்கும் இதே பலன்தான். பெயிண்ட் வேலை எதுவாக இருந்தாலும் இரண்டு வாரமாவது முன்னதாக முடித்துக் காற்றாட விடுங்கள்.

சுத்தம் செய்யும்போது ஓர் எச்சரிக்கை. குழாய்களிலும் டைல்ஸிலும் படிந்த வெள்ளை உப்புப் படிவத்தை எலுமிச்சை அமிலமோ வினிகரோ கரைக்கும். ஆனால் மார்பிள் கல்லில் அவை பட்டால் கல்லே அரித்து மங்கிவிடும். பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். காற்றில்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வேலைக்கு வருபவர்களிடமும் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

பெயிண்ட் விஷயத்தில் அண்ணன் பக்கம் நிற்கிறேன். கசிவும் ஈரமும் தீர்ந்த பிறகு, முன் அறை, கீழ்த்தளப் படுக்கையறை, மாடிப்படிச் சுவர் இவற்றுக்காவது புதுப் பெயிண்ட் வேண்டும். வெள்ளையை ஒட்டிய மெல்லிய நிறம் ஒன்றையே எல்லா அறைகளுக்கும் அடியுங்கள். அறைக்கு அறை நிறம் மாறினால் வீடு துண்டு துண்டாகத் தெரியும், ஒரே நிறம் ஓடினால் விரிந்து தெரியும். மெல்லிய நிறம் வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதும் உண்மை. ஆனால் பெயிண்டைவிட மலிவாக வெளிச்சம் கிடைக்கும் வழிகள் இருக்கின்றன. சன்னல் கண்ணாடிகளை உள்ளேயும் வெளியேயும் துடையுங்கள், கனமான திரைகளை எடுத்துவிடுங்கள், சன்னலை மறைத்து வளர்ந்த கிளைகளை வெட்டுங்கள். பழைய பல்புகளை மாற்றும்போது ஓர் அறைக்குள் எல்லாம் ஒரே நிறமாக இருக்கட்டும். பல்புப் பெட்டியில் கெல்வின் என்ற அளவில் அது அச்சிட்டிருக்கும். 2700 முதல் 3000 வரை இருந்தால் இதமான மஞ்சள் சாயல், படுக்கையறைக்கும் முன் அறைக்கும் ஏற்றது. 4000 அளவில் இருந்தால் வெண்மை, சமையலறைக்கும் குளியலறைக்கும் சரியாக இருக்கும். ஒரே அறையில் ஒன்று மஞ்சளும் ஒன்று நீல வெள்ளையுமாக எரிந்தால் புதுச் சுவர்கூட அழுக்காகத் தெரியும்.

சமையலறையில் உங்கள் பக்கம். அதை இடிக்க வேண்டாம். சமையலறை ஒவ்வொரு குடும்பத்தின் பழக்கத்துக்கும் ஏற்ப மாறும் இடம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிறமும் அமைப்பும் வாங்குபவருக்குப் பிடிக்காவிட்டால், புத்தம் புதியதை உடைக்க மனம் வராமல் அவர் வேறு வீடு தேடிப் போவார். போட்ட பணம் முழுவதும் விலையில் திரும்பும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். தொங்கும் அலமாரிக் கதவின் கீலை இறுக்குங்கள், உடைந்த கைப்பிடிகளை மாற்றுங்கள், தொட்டியைச் சுற்றிக் கறுத்துப்போன சிலிக்கானை உரித்துப் புதிதாகப் போடுங்கள், குழாயின் வாஷரை மாற்றுங்கள், மேடையை வெறுமையாக வையுங்கள். அவ்வளவு போதும்.

பொதுவாகவே, வருபவரின் கை எங்கெல்லாம் படுமோ அங்கெல்லாம் கவனம் வையுங்கள். வாசல் கைப்பிடி, பூட்டு, ஸ்விட்ச், மாடிப்படிக் கைப்பிடி, சன்னல் தாழ்ப்பாள், குழாய். கண் மன்னித்துவிடுவதைக் கை மன்னிக்காது. சுவரின் சிறு மங்கலை மறந்துவிடுவார்கள், இரண்டு முறை தள்ளியும் திறக்காத சன்னலை வீட்டுக்குப் போயும் பேசுவார்கள். அண்ணனை ஒரு நாள் வீட்டுக்கு வரச்சொல்லி, ஒவ்வொரு கதவையும் திறந்து மூடி, ஒவ்வொரு ஸ்விட்சையும் போட்டு, ஒவ்வொரு குழாயையும் திருகிப் பார்த்துப் பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள்.

அப்பாவின் அறை பற்றி எழுதியிருந்தீர்கள். இதில் அம்மாவை யாரும் அவசரப்படுத்த வேண்டாம். ஆனால் பூட்டிய அறை ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டைக் காட்ட முடியாது. மூடிய கதவுக்குப் பின்னால்தான் பெரிய குறை இருக்கிறது என்று வருபவர் முடிவு செய்துவிடுவார். "விற்பனைக்காக அறையைக் காலி செய்கிறோம்" என்று தொடங்காமல், அப்பாவின் பொருட்களில் எவை தம்மோடு வர வேண்டும் என்று அம்மாவையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவற்றை முதலில் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, அவருக்குப் பிடித்த இடத்தில் வைத்துக் கொடுங்கள். உறவினரில் யாருக்கு எது போக வேண்டும் என்பதும் அவர் வாயிலிருந்தே வரட்டும். மிச்சம் இருப்பதைப் பிறகு நீங்களும் அண்ணனும் அகற்றலாம். வேண்டுமானால், காலி செய்வதற்கு முன் அறையை இருந்தபடியே படம் எடுத்து அம்மாவுக்குக் கொடுங்கள். இதற்கு ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும். காகித வேலைக்கு எப்படியும் அவ்வளவு காலம் வேண்டியிருக்கும்.

அறைகளை முற்றிலும் வெறுமையாக்கவும் வேண்டாம். ஒன்றுமே இல்லாத அறையைப் பார்த்து அதில் கட்டில் கொள்ளுமா என்று பலராலும் கணிக்க முடியாது. படுக்கையறையில் ஒரு கட்டில், முன் அறையில் நடக்க வழிவிட்டு நான்கு இருக்கைகள், அலமாரிகளில் பாதி இடம் காலி. சுவரில் இருந்த குடும்பப் படங்களை எடுத்துவிடுங்கள். வருபவர் அங்கே தம் குடும்பத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மருந்துகள், வங்கிக் காகிதங்கள், நகை எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. முன் பின் தெரியாதவர்கள் அறை அறையாக நடக்கப்போகிறார்கள்.

இத்தனையும் முடிந்த பிறகு பழைய படங்களை எடுத்துவிட்டுப் புதிதாகப் படம் எடுங்கள். பகல் வெளிச்சத்தில், மார்பு உயரத்தில் கேமராவைப் பிடித்து, சுவரின் செங்குத்துக் கோடுகள் சாயாமல் எடுத்தால் அறை உள்ளபடி தெரியும். மிக அகலமாகக் காட்டும் லென்ஸ் வேண்டாம். படத்தில் மண்டபம்போல் இருந்த அறை நேரில் சிறியதாக இருந்தால், வந்த முதல் நிமிடத்திலேயே ஏமாந்த உணர்வு வந்துவிடும். அறை அளவுகள் எழுதிய வரைபடம் ஒன்றையும் சேருங்கள். வீணாக வருபவர்கள் குறைவார்கள், பொருத்தமானவர்கள் தயாராக வருவார்கள்.

விலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். 1990இல் டேனியல் கானெமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் சிலருக்குச் சாதாரணக் காபிக் கோப்பை ஒன்றைக் கொடுத்து, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். கையில் வைத்திருந்தவர்கள் கேட்டது, வாங்க இருந்தவர்கள் சொன்னதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கொஞ்ச நேரம் கையில் இருந்த கோப்பைக்கே அப்படி என்றால், நீங்கள் வளர்ந்த வீட்டுக்கு உங்கள் மூவர் மனத்திலும் இருக்கும் தொகையை அப்படியே நம்ப முடியாது. அது உங்கள் அன்பின் அளவு, அதில் தவறில்லை. ஆனால் விலைக்கு, சமீபத்தில் அதே பகுதியில் உண்மையில் பதிவாகி முடிந்த விற்பனைகளைப் பாருங்கள். விளம்பரத்தில் இருக்கும் விலைகள் விற்பவர்களின் ஆசைகள் மட்டுமே. தொழில்முறை மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்தில் மதிப்பு வாங்கினால் அண்ணனோடு வாக்குவாதமும் குறையும்.

அந்த ஆறு குடும்பங்களின் தொலைபேசி எண் உங்களிடமோ தரகரிடமோ இருந்தால் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "வாங்கச் சொல்லி அழைக்கவில்லை. வீட்டில் எது உங்களுக்குத் தயக்கம் தந்தது என்று மட்டும் சொல்ல முடியுமா?" வாங்காதவர்கள்தான் மனம்விட்டுச் சொல்வார்கள். இருவர் ஒரே விஷயத்தைச் சொன்னால், நான் மேலே எழுதிய வரிசையை மாற்றி அதை முதலில் சரிசெய்யுங்கள். வேலைகள் முடிந்ததும் அவர்களையே மறுபடி அழைக்கவும் செய்யலாம். கறையைப் பார்த்தவருக்கு, அது தீர்ந்ததைப் பில்லோடு காட்டுவது புதியவரிடம் சொல்வதைவிட எளிது.

பார்வையாளர்கள் வரும் நேரத்தை, முன் அறைக்கு நல்ல வெளிச்சம் வரும் பொழுதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சன்னல்களைத் திறந்து, விளக்குகளைப் போட்டு, வாசலைப் பெருக்கிவிடுங்கள். ஒருவர் மட்டும் வீட்டைக் காட்டட்டும். ஒருமுறை சுற்றிக் காட்டிவிட்டு, கறை இருந்த இடத்தை நீங்களே சுட்டிச் சொல்லிவிட்டு, பிறகு அவர்களைத் தனியே விட்டு விலகி நில்லுங்கள். கணவனும் மனைவியும் தங்களுக்குள் தணிந்த குரலில் பேசத் தொடங்கினால் அருகில் போகாதீர்கள். கட்டிலை எங்கே போடலாம் என்றுதான் பெரும்பாலும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அம்மா முதல் சந்திப்பில் இருக்க வேண்டாம். வீட்டின் மூத்தவர் முன் யாரும் அலமாரியைத் திறந்து பார்க்கவோ குறையை வாய்விட்டுச் சொல்லவோ துணிய மாட்டார்கள். சொன்னாலும் அது அம்மாவைப் புண்படுத்தும். இரண்டாம் முறை வருகிறவர்களுக்கு அம்மாவைத் தவறாமல் அறிமுகப்படுத்துங்கள். எந்தச் சன்னலில் காற்று வரும், பெருமழையில் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், அக்கம்பக்கத்தார் எப்படிப்பட்டவர்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும், வாங்கப் போகிறவருக்கும் அவையே தெரிய வேண்டும்.